உதவி வாங்கிற பிள்ளையைப் படம் எடுக்கத்தான் வேணுமோ?

படலையடி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கனகாலமாய் இஞ்ச வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருக்கிறன். இண்டைக்கு எழுதாமல் படுக்க மனம் வரேல்லை.

வடமராட்சியில எங்கட சனசமூக நிலையத்தில பின்னேரம் நாலரையிலயிருந்து ஆறரை மட்டும் கணிதம் சொல்லிக்குடுக்கிறம், நானும் இன்னும் ரெண்டு பேரும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையள். காசு வாங்கிறேல்லை. ரியூசனுக்குக் கட்ட ஏலாத பிள்ளையள் மட்டும் வாங்கோ எண்டு சொல்லுறதும் இல்லை. ஆர் வந்தாலும் பாயில இருக்கலாம். வசதியான வீட்டுப் பிள்ளையளும் வந்தால்தான் இது 'இல்லாத பிள்ளையளின்ர வகுப்பு' எண்டு பேர் எடுக்காது.

அதில ஒரு பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறவ. வீட்டிலயிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீற்றர், அங்கயிருந்து எங்களிட்ட வர இன்னும் ஒண்டரை. அவ்வளவையும் நடந்து வந்து, வேர்வையைத் துடைச்சுக்கொண்டு முதல் கணக்கை முடிச்சுக் காட்டுற பிள்ளை.

போன மாசம் வெளிநாட்டில இருக்கிற ஒரு அமைப்பு காசு அனுப்பிப் பதினைஞ்சு பிள்ளையளுக்குச் சைக்கிள் குடுத்தவை. நல்ல சைக்கிள், குறை சொல்ல ஒண்டுமில்லை. மேடை, பதாகை, மாலை எல்லாம் நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஹாண்டிலின்ர ஒரு பக்கத்தைப் பிடிக்க, வந்த பிரமுகர் மற்றப் பக்கத்தைப் பிடிக்க, படம். இரவே முகநூலில வந்திட்டுது. பேர், வகுப்பு, பள்ளிக்கூடம், அதுக்குக் கீழ 'தந்தையை இழந்து வறுமையில் வாடும் மாணவி'.

அடுத்த கிழமை அவள் வகுப்புக்கு வரேல்லை. மூண்டு நாள் பார்த்திட்டு வீட்டை போனன். சைக்கிள் முத்தத்தில வேம்புக்குக் கீழ நிண்டது. யூரியாப் பையை வெட்டி விரிச்சு மேல போர்த்திருந்தது. சில்லில மண் ஒட்டேல்லை. செயின் கவரில ஆரோ ஒராளின்ர ஞாபகார்த்தம் எண்டு ஸ்ரிக்கர் ஒண்டு. அதில பாதியைக் கரண்டியாலயோ எதாலயோ சுரண்டியிருந்தது. சுரண்டின இடத்தில பச்சைப் பெயின்ற்றும் உரிஞ்சு தகரம் தெரிஞ்சுது.

"அதில போனால் உதவிச் சைக்கிள் வருது எண்டுவினம், ரீச்சர்."

அவள் சொன்னது அவ்வளவுதான். தாய் ஒரு பக்கத்தில, "வாங்கி வைச்சுக்கொண்டு ஏற மாட்டன் எண்டால் குடுத்த ஆக்கள் என்ன நினைப்பினம்" எண்டு அழுகிறா. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு இப்பவும் நடைதான்.

குடுத்தவையில எனக்குக் கோபம் இல்லை. அவை தங்கட வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் அனுப்பியிருப்பினம். ஆனால் இதை ஆரிட்ட எப்பிடிச் சொல்லுறது? படம் எடுக்காமல் உதவி செய்யிற ஆக்கள் இஞ்ச இருந்தால், நீங்கள் எப்பிடிச் செய்யிறியள் எண்டு எழுதுங்கோ.

மூண்டுசில்லு | செவ்வாய், இரவு 10.15

அக்கா, எங்கட ஓட்டோ ஸ்ராண்டில நடந்ததைச் சொல்லுறன். ஒரு அண்ணை விழுந்து கால் முறிஞ்சு மூண்டு மாசம் வீட்டில. நாங்கள் கொப்பி தூக்கிக்கொண்டு பேர் எழுதிக் காசு சேர்க்கேல்லை. அவற்ற ஓட்டோவை ஸ்ராண்டிலயே விட்டு வைச்சம். காலமை முதல் ஹயர்க் காசை ஒவ்வொருத்தரும் அதின்ர பின்சீற்றுக்குக் கீழ போடுவம். பின்னேரம் அவற்ற மகன் வந்து ஓட்டோவைத் துடைச்சிட்டு எடுத்துக்கொண்டு போவான். ஆர் எவ்வளவு போட்டது எண்டு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. திரும்ப ஓட வந்த அண்டைக்கு அவர் ஒருத்தரின்ர முகத்தைப் பார்த்தும் கூனிக் குறுக வேண்டி வரேல்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தவர், குடிச்சம்.

பனியூரான் | புதன், காலை 7.05

ரீச்சர், வாசிக்க மனம் சுடுது. ஆனாலும் எங்கட பக்கத்தையும் ஒருக்கால் கேளுங்கோ.

நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட ஊருக்கெண்டு காசு சேர்க்கிற ஆக்களில நானும் ஒராள். தாறவையில முக்கால்வாசிப் பேர் ரெண்டு வேலை செய்யிறவை. மைனஸ் இருபதில பஸ்ஸுக்கு நிண்டு உழைச்ச காசு. ஒருக்கால் ஒரு குடும்பத்துக்குக் கிணறு கட்டக் காசு அனுப்பினம். படம் வந்தது, சந்தோசப்பட்டம். ரெண்டு வருசத்தால நான் ஊருக்கு வந்து போய்ப் பார்த்தால் அது பக்கத்து வளவுக்காரரின்ர பழைய கிணறு. கட்டுக்கு வெள்ளை அடிச்சுப் படம் எடுத்து அனுப்பியிருக்கினம். அந்தக் கிணத்தடியில நிண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. காசு தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது?

அண்டையிலயிருந்து பிள்ளை நிக்க வேணும், பேர் சொல்ல வேணும், வீடியோ வேணும் எண்டு கேக்கத் தொடங்கினது நான்தான். பிழையெண்டால் ஏற்றுக்கொள்ளுறன். ஆனால் வேற வழியையும் காட்டுங்கோ.

பழைய வாத்தியார் | புதன், காலை 9.30

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். இந்த அம்மா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்கள். வாங்கில் இருக்க விடமாட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வாங்கில், இந்தப் பிள்ளை நிலத்தில். பாடம் ஒன்றுதான், சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் ஒருவர்தான். எங்கே இருந்து அதை வாங்குகிறாய் என்பதில்தான் அவமானம் இருந்தது. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆனவர்கள், ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர், கையிலெடுத்தது இதைத்தான். சம ஆசனம், சம போசனம். கூடுதலாக ஒரு பிடி அரிசி கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரே வாங்கு, ஒரே பந்தி என்று கேட்டார்கள். அவர்களிற் பலர் சாதாரண ஆசிரியர்களும் மாணவர்களும். பாடசாலைகளில் சம ஆசனம் வந்தபோது, அது பொறுக்காமல் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் நம்மவர்களே. அதையும் மறைக்கக் கூடாது.

சைக்கிள் கொடுத்த மேடையில் பதினைந்து பிள்ளைகளும் நின்றார்கள், பிரமுகரும் நின்றார். அங்கே சம ஆசனம் இருந்ததா? தம்பி பனியூரான், நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் வைக்கிறேன்.

நாவற்குழி95 | புதன், மதியம் 1.20

1995 ஒக்ரோபர் 30 இரவு. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு ஒரே றோட்டில. மழை. நான் பன்ரெண்டு வயசுப் பெடியன், அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில இருத்தி அப்பா உருட்டிக்கொண்டு வாறார். நாவற்குழிப் பாலம் கடக்க விடிஞ்சிட்டுது. அந்த இரவை அனுபவிச்ச எல்லாருக்கும் தெரியும், நான் விரிக்கத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது மீசாலையில எங்களை எடுத்த வீட்டைப் பற்றி. எங்களுக்குச் சொந்தமில்லை, தெரிஞ்ச ஆக்களுமில்லை. படலையில நிண்டு தண்ணி கேட்டம், உள்ள வரச் சொன்னவ. ஏற்கெனவே நாலு குடும்பம் அங்க. அந்த அம்மா என்ன செய்தவ தெரியுமோ? தன்ர பானை சட்டியெல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போய் வெளியில கிடுகுப் பத்தி இறக்கி அதில சமைச்சவ. குசினியை எங்கட அம்மம்மாவிட்ட விட்டிட்டா. "ஆச்சி, உங்களுக்கு உங்கட கையால சமைச்சாத்தான் இறங்கும், நீங்கள் பாருங்கோ" எண்டவ. அம்மம்மா அண்டைக்குத்தான் வீடு விட்டு வந்த பிறகு முதல் தரம் சோறு திண்டது.

தன்ர பிள்ளையளிட்ட அவ ஒரு சொல் சொல்லி வைச்சிருந்தவ எண்டு பேந்துதான் அறிஞ்சன். எங்களை 'அகதி' எண்டு சொல்லக் கூடாது, 'வந்த ஆக்கள்' எண்டுதான் சொல்ல வேணும்.

ஆறு மாசம் இருந்தம். அந்த வீட்டின்ர படம் ஒண்டும் என்னட்ட இல்லை. அந்தக் குசினிச் சுவரில கரி படிஞ்ச இடம் வரைக்கும் ஞாபகம் இருக்கு.

வெள்ளைச்சீருடை | புதன், இரவு 8.50

நான் கன வருசம் இரத்த வங்கியில நிண்டனான். இரத்ததான முகாமுக்குப் பெடியள் வருவினம், கோயில் திருவிழாவுக்கு, விளையாட்டுக் கழகத்தின்ர ஆண்டு விழாவுக்கு, செத்த சிநேகிதனின்ர நினைவு நாளுக்கு. ஒரு தரம் குடுக்கிறது 450 மில்லிலீற்றர், நாலு மாசம் கழிச்சுத் திரும்பக் குடுக்கலாம். பையில இலக்கம், குறூப், திகதி. குடுத்தவரின்ர பேர் இல்லை. ஏத்துற ஆளுக்கு ஆற்ற இரத்தம் எண்டு தெரியாது, குடுத்தவருக்கும் ஆருக்குப் போனது எண்டு தெரியாது. 2014 இலயிருந்து இலங்கையில முழு இரத்தமும் காசு வாங்காமல் தாமாய்க் குடுக்கிற ஆக்களிட்டயிருந்துதான் வருது.

மாரியோட டெங்கு கூடும். அப்ப பிளேற்லெற் தேவைப்படும். அதை ஐஞ்சு நாளுக்கு மேல வைக்க ஏலாது. இரவு பதினொரு மணிக்குப் போன் அடிச்சாலும் சாரத்தோட மோட்டச்சைக்கிளில வந்து இறங்கிற பெடியள் இருக்கிறாங்கள். ஆருக்கு எண்டு கேக்கவே மாட்டாங்கள். எந்தக் கையை நீட்டுறது எண்டு மட்டும் கேப்பாங்கள். எங்களால படமில்லாமல் குடுக்க ஏலாது எண்டு ஆரும் சொன்னால் எனக்கு இந்தப் பெடியள்தான் ஞாபகத்துக்கு வருவாங்கள்.

அந்த வரிசையில் நின்றவள் | வியாழன், காலை 6.10

இரவு முழுக்க எழுதி எழுதி அழிச்சன்.

நானும் அப்பிடி ஒரு படத்தில நிண்டிருக்கிறன். ஆறாம் வகுப்பு. பன்ரெண்டு கொப்பி, ஒரு பாக், ஒரு சோடி சப்பாத்து. சப்பாத்து ரெண்டு அளவு பெரிசு, நுனியில பேப்பர் அடைஞ்சு போட்டனான். படம் எடுத்தவர் "சிரியாதை பிள்ளை" எண்டவர். சிரிச்சால் கஷ்டப்பட்ட பிள்ளை மாதிரித் தெரியாதெண்டு. புதுப் பாக் கிடைச்ச சந்தோசத்தில நான் உண்மையாய்ச் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டனான். முகத்தை மாத்தினன். அந்த முகம்தான் இப்பவும் அங்க கிடக்கு. இப்ப எனக்கு அரசாங்க வேலை. போன வருசம் கந்தோரில ஒருத்தி அந்தப் படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, "இது நீங்களோ?" எண்டு கேட்டா. பகிடிக்கில்லை, அன்பாய்த்தான் கேட்டவ. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.

மற்றதையும் சொல்ல வேணும். அந்த ஆக்கள் நாலு வருசம் மாசாமாசம் காசு அனுப்பினவை. அது இல்லாட்டில் நான் ஓ லெவல் எடுத்திருக்க மாட்டன். அவையை நினைக்காமல் ஒரு தைப்பொங்கல் போறதில்லை. அவையைப் பற்றி ஆரும் கூடாமல் எழுதினால் எனக்கு நோகும். படம் எடுத்ததும் நோகும். ரெண்டும் எனக்குள்ள ஒண்டாய்த்தான் கிடக்குது, பிரிக்கத் தெரியேல்லை.

பனியூரான் | வியாழன், காலை 8.00

தங்கச்சி, "சிரியாதை பிள்ளை" எண்ட இடத்தில நான் போனை மேசையில வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாங்கள் கேட்டு வாங்கின படங்களிலயும் ஒரு பிள்ளையும் சிரிச்சதாய் ஞாபகம் இல்லை. இண்டைக்குத்தான் அதை யோசிக்கிறன்.

கணக்குப்புத்தகம் | வியாழன், மதியம் 12.45

பனியூரான் அண்ணைக்கு. உங்களை அண்டைக்கு ஏமாத்தினதே படம்தானே? வெள்ளை அடிச்ச கிணத்தின்ர படம். முகத்தைக் காட்டினால் கணக்குச் சரி எண்டு நாங்களே ஒரு நம்பிக்கையை வளர்த்து வைச்சிருக்கிறம். முகம் ஆதாரமில்லை.

நான் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுறனான். எங்கட முறை இது: சைக்கிள் எண்டால் கடைக்காரரின்ர பில், பில்லில ஒவ்வொரு சைக்கிளின்ரயும் பிறேம் இலக்கம். சைக்கிளை நாங்கள் குடுக்கிறேல்லை. பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பம், அதிபர் பெற்றாரைத் தனித்தனியாய்க் கூப்பிட்டுக் குடுத்து, கையெழுத்து வாங்கித் தன்ர கோவையில வைப்பார். காசு தந்தவைக்குப் போறது அதிபரின்ர கடிதம், அதில பேர் இல்லை, எண்ணிக்கையும் இலக்கமும்தான். சைக்கிளை மட்டும் கடை வாசலில நிரைக்கு நிப்பாட்டிப் படம் எடுக்கலாம், அது ஒருத்தருக்கும் நோகாது. ஆரும் சந்தேகப்பட்டால் ஊருக்கு வரேக்க அதிபரிட்டக் கோவையைப் பார்க்கலாம். எங்கட வரவு செலவு முழுக்க சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையில ஒட்டியிருக்கும். ஆரும் நிண்டு வாசிக்கலாம். படத்தை விட இது கஷ்டம்தான், நாலு தரம் அலைய வேணும். ஆனால் களவெடுக்கிறவனுக்கு இதுதான் பயம்.

துலாக்கிணறு | வியாழன், பின்னேரம் 5.30

கணக்குப்புத்தகம் சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி. அந்தப் பிள்ளை ஏன் நாலு கிலோமீற்றர் நடக்க வேண்டி வந்தது?

1945 இல இலவசக் கல்வி வந்தது. அரசாங்கத்தின்ர பாடப்புத்தகத்தை வாங்கேக்க ஒரு பிள்ளையாவது தலை குனியுதோ? எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கினம், அதால குனியிறேல்லை. பஸ்ஸும் அப்பிடித்தான் இருக்க வேணும். பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காய் ஓடினால் பதினைஞ்சு பேரில்லை, அந்த றோட்டில இருக்கிற எல்லாப் பிள்ளையும் போகும். 'சிசு சரிய' எண்டு பாடசாலைப் பிள்ளையளுக்கெண்டே பஸ் சேவை இருக்குத்தானே. பெற்றாரின்ர கையெழுத்தும் அதிபரின்ர கடிதமும் எடுத்துக்கொண்டு பஸ் சாலைக்கு (டிப்போவுக்கு) போய்க் கேளுங்கோ. ஒரு தரத்தில நடக்காது. திரும்பவும் போங்கோ.

சட்டம் இருக்கிறதும் கையில கிடைக்கிறதும் வேற வேற எண்டு எங்கட சனத்துக்கு நல்லாத் தெரியும். பொது இடத்தில சாதி பார்த்து ஆக்களைத் தடுக்கக் கூடாதெண்டு 1957 இலயே சட்டம் வந்தது. அதுக்குப் பிறகும் தேத்தண்ணிக் கடையில ஒரு பகுதிச் சனத்துக்குப் போத்தலும் தகரப் பேணியும்தான். 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்திலயிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் வெளிக்கிட்டு, அடி வாங்கி, பிறகு கடை கடையாய் உள்ள போய்க் கதிரையில இருந்து கேட்டுத்தான் கிளாஸில தேத்தண்ணி வந்தது. போனவை தோட்டக் கூலியளும் சீவல் தொழிலாளரும். என்ர தாத்தா அந்த ஊர்வலத்தில நடந்தவர். கடைக்காரர் இரக்கப்பட்டு இனாமாய்க் குடுத்திருந்தாலும் தான் குடிச்சிருக்க மாட்டன் எண்டு சொல்லுவார். காசு குடுத்து, கதிரையில இருந்து, மற்றவனுக்குக் குடுக்கிற அதே கிளாஸில.

மூண்டுசில்லு | வியாழன், இரவு 9.20

துலாக்கிணறு அக்கா சொன்ன கிளாஸும் வாத்தியார் ஐயா சொன்ன பந்தியும் எனக்குச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலைத்தான் ஞாபகப்படுத்துது. வெள்ளிக்கிழமையளில ஹயர் கொண்டு போறனான். மடத்தில அன்னதானத்துக்கு இருக்கேக்க ஆர் எவர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அண்டைய அன்னதானத்துக்குக் காசு கட்டினவரும் என்ர பக்கத்திலதான் சப்பாணி கட்டி இருப்பார், எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் அன்னதானக் கந்தன் எண்டுறது.

பழைய வாத்தியார் | வெள்ளி, காலை 10.00

ஒரு விடயத்தை விட்டுவிட்டேன். தங்கள் பெற்றோரின் பெயர் சொல்ல வேண்டும் என்று கொடுப்பவர்கள் விரும்புவதை நான் தவறென்று நினைக்கவில்லை. பருத்தித்துறையில், வழிப்போக்கர் இளைப்பாறத் தெருவை மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. நம் தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிகள் இருந்தன, சில இன்னும் இருக்கின்றன. பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் கட்டுவது. மாடு உடம்பு உரஞ்ச ஆவுரோஞ்சிக் கல், அது தண்ணீர் குடிக்கப் பக்கத்தில் தொட்டி. சிலவற்றில் பெயரும் வெட்டியிருப்பார்கள். ஆனால் வெட்டியது இறந்தவரின் பெயரை, அல்லது கட்டியவரின் பெயரை. அதில் சுமை இறக்கி வைத்தவரின் பெயரை எவரும் வெட்டவில்லை.

பனியூரான் | சனி, காலை 6.40

இரவு எங்கட ஆக்களோட சூமில கதைச்சன். ரெண்டு பேர் கோவிச்சுக்கொண்டு போட்டினம், பிள்ளையின்ர முகம் பார்க்காமல் தங்களுக்குத் தர மனம் வராதாம். மிச்சப் பேர் பில், பிறேம் இலக்கம், அதிபர் கடிதத்துக்கு ஓம் எண்டிருக்கினம். வாற முறை சைக்கிளுக்கு அப்பிடித்தான். பழைய படங்களை எங்கட பக்கத்திலயிருந்து எடுக்கத் தொடங்கியிருக்கிறன், 200 க்கு மேல இருக்கு. கணக்குப்புத்தகம் தம்பி, உங்கட கடித மாதிரி ஒண்டை இதிலயே போட்டு விடுங்கோ.

படலையடி | ரெண்டு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு இரவு

எழுதின எல்லாருக்கும் சேர்த்துத்தான் இது.

சைக்கிள் குடுத்த அமைப்பின்ர ஊர்ப் பொறுப்பாளரை அவற்ற வீட்டில போய்ச் சந்திச்சன். நியாயம் ஒண்டும் கதைக்கேல்லை. வேம்புக்குக் கீழ நிக்கிற சைக்கிளையும் யூரியாப் பையையும் மட்டும் சொன்னன். மனிசன் கன நேரம் பேசேல்லை. பிறகு போனை எடுத்துப் பதினைஞ்சு படத்தையும் எனக்கு முன்னால ஒவ்வொண்டாய் அழிச்சவர். வேற ஆக்கள் பகிர்ந்தது இன்னும் ரெண்டு இடத்தில கிடக்கு, எழுதிக் கேட்டிருக்கிறம்.

அந்த ஸ்ரிக்கர் ஆற்ற ஞாபகார்த்தம் எண்டும் கேட்டன். போன வருசம் வெளிநாட்டில செத்த ஒரு தாயாம். சின்ன வயசில இதே பள்ளிக்கூடத்துக்கு இதே றோட்டால நடந்து போனவவாம். பிள்ளைக்குச் சொன்னன். ஒண்டும் பறையேல்லை. மிச்சப் பாதி ஸ்ரிக்கர் சுரண்டாமல் இருக்கு.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குச் சைக்கிளில வந்தவள், தம்பியைப் பின்னால இருத்திக்கொண்டு. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நடந்துதான் போறாள். பஸ்ஸுக்கு 31 தாய்மார் கையெழுத்து வைச்சிருக்கினம், புதன்கிழமை சாலைக்குப் போறம். துலாக்கிணறு அக்கா வாறன் எண்டிருக்கிறா.

இப்ப ஒரு சின்ன விசயம். பின் சில்லில காத்து நிக்குதில்லை, நெருஞ்சி முள்ளு ஏறியிருக்கும் போல. ஞாயிற்றுக்கிழமையில திறக்கிற சைக்கிள் கடை இந்தப் பக்கத்தில ஆருக்கும் தெரியுமோ?

மூண்டுசில்லு | ஞாயிறு, இரவு 10.05

கடை வேண்டாம் அக்கா. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நிலையத்தடிக்கு வாறன். பற்ச்சும் சொலுசனும் என்னட்டக் கிடக்கு, ஒரு வாளி தண்ணி மட்டும் எடுத்து வையுங்கோ. நான் ஒட்டித் தரேல்லை, பிள்ளைக்கு ஒட்டப் பழக்கி விடுறன்.